நாற்பதுக்கும் எண்பதுக்கும் நடுவே

ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்த ஆட்கள் முதலில் கேட்டது பிளக் பாயின்டைத்தான். ஹாலில் ஒன்றே ஒன்று இருந்தது. அதில் ஆசீர்வாதத்தின் போன் சார்ஜில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருவன் சார்ஜரைப் பிடுங்கி, போனோடு சேர்த்துச் சுகிர்தாவின் கையில் திணித்துவிட்டுப் பெட்டியின் ஒயரைச் சொருகினான். பெட்டி உறுமத் தொடங்கியது. உள்ளே அவள் அப்பா ஆசீர்வாதம் சபைக்குப் போகிறவர் மாதிரி வெள்ளைச் சட்டையில் படுத்திருந்தார்.

போன் அணைந்திருந்தது. பொத்தானை அழுத்திப் பிடித்து உயிர்ப்பித்தாள். திரையின் மூலையில் நூறு என்று காட்டியது.

அந்த எண்ணை அந்த போனில் அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஆசீர்வாதம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். சரக்குத் தூக்கும் பேட்டரி வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் அறைதான் அவர் ராஜ்ஜியம். ஓய்வு பெற்ற பிறகு அந்த அக்கறை மொத்தமும் போன், பவர் பேங்க், டார்ச் என்று வீட்டுச் சாமான்கள் மேல் இறங்கிவிட்டது. "கம்பெனி பேட்டரி ஈயம். அதுக்கு வயிறு முட்ட போடணும். இது லித்தியம், இதுக்கு அரை வயித்துக் கஞ்சிதான்" என்பார். சார்ஜ் நாற்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது, எண்பதுக்கு மேலே ஏறக் கூடாது. கல்யாண வீட்டில் யாராவது சார்ஜ் இல்லை என்று முனகினால் பந்தியிலிருந்து எழுந்து போய் விசாரிப்பார். சபைப் போதகரே அவரைக் கண்டால் தன் போனை ஜிப்பாவுக்குள் போட்டுக்கொள்வார். கேலி செய்யாத ஆள் கிடையாது. ஆனால் அவர் போனுக்கு ஆறு வயது. கேலி செய்தவர்கள் அதற்குள் மூன்று மாற்றியிருந்தார்கள்.

அப்படிப்பட்டவரின் போன்தான் நேற்று மாலை ஆறு இருபத்தைந்துக்கு ஸ்விட்ச் ஆஃப் என்று சொன்னது. மனசு கேட்காமல் சுகிர்தா நான்கு தடவை கூப்பிட்டாள். நான்கு தடவையும் அதே பெண் அதே குரலில் சொன்னாள். இவர் போன் தானாகச் சாகாது, வேண்டுமென்றுதான் அணைத்திருக்கிறார், என் மேல் இன்னும் கோபம் என்று சுகிர்தா முடிவு செய்தாள். அவளுக்கும் கோபம் வந்தது. போனைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சப்பாத்தி மாவு பிசையப் போய்விட்டாள். காலையில் திருவள்ளூரில் அவள் வீட்டுக்குச் செய்தி வந்தது.

கோபத்துக்குக் காரணம் நேற்றோடு பன்னிரண்டு நாள் பழையது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவளும் புருஷன் ராபினும் இங்கே சாப்பிட வந்திருந்தார்கள். வெயிலில் காருக்குள் விட்டு வைத்திருந்த அவளுடைய பவர் பேங்க் பூரி மாதிரி உப்பியிருந்தது. ஆசீர்வாதம் அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய் வாசலில் மணல் வாளிக்குள் வைத்தார். பிறகு ராபின் எதிரிலேயே ஆரம்பித்தார்.

"நாலு வருசம் வர வேண்டியத எட்டு மாசத்துல சாவடிச்சிட்டியே."

சுகிர்தா சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"அம்மாவ இந்த மாதிரி பாத்துக்கினு இருந்தா அதுவும் இன்னும் நாலு வருசம் இருந்திருக்கும் நைனா."

அவர் குழம்புப் பாத்திரத்தை எடுத்து உள்ளே வைத்தார். அடுத்த ஞாயிறு, எப்போதும் ஒரு மணிக்குக் கூப்பிடுகிறவள், கூப்பிடவில்லை. அந்த வார்த்தையை நெஞ்சில் வைத்துக்கொண்டேதான் போனாரா? இன்றைக்கு அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். சொல்லக்கூடியவர் பெட்டியின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

"அண்ணன் இந்தச் சேர்லதான் ஒக்காந்துக்கினு இருந்தாரு பாப்பா" என்றாள் பக்கத்து வீட்டு முத்தம்மா. காலையில் முதலில் பார்த்தவள் அவள்தான். "தல செவுத்துல சாஞ்சிருந்திச்சு. தூங்குறாருன்னு நெனச்சேன். டாக்டரு வந்து பாத்துட்டு, நேத்து சாயங்காலமே போயிருக்கும்னாரு."

"போனை எப்ப ஆஃப் பண்ணாரு அக்கா?"

முத்தம்மா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். சாவு வீட்டில் கேட்கிற கேள்வியா என்று அந்தப் பார்வை கேட்டது. பிறகு சொன்னாள்.

"தெனம் ஆறு மணிக்குப் பண்ணுவாரே. ரெண்டு மாசமா அப்டித்தான். போனு பழசாயிடுச்சு, ஓடும்போது சார்ஜு போட்டா சூடு ஏறுதாம். அணைச்சுட்டுத்தான் போடுவாரு. பக்கத்துலயே காவல் காத்துக்கினு இருப்பாரு. எண்பதுல எடுத்துடுவாரு. உனுக்குத் தெரியாதா?"

தெரியாது. அவள் கூப்பிடுவது ஞாயிறு மதியம் மட்டும்தான். நேற்று வெள்ளிக்கிழமை.

"அந்தக் காலண்டர்ல கூட எழுதுவாரு" என்றாள் முத்தம்மா.

காலண்டர் பிளக் பாயின்டுக்கு நேர் மேலே சுவரில் மாட்டியிருந்தது. பக்கத்தில் நூலில் ஒரு பென்சில் தொங்கியது. கீழே பெட்டி அடைத்துக் கிடந்ததால் கிட்டே போக வழியில்லை. சுகிர்தா கண்ணாடி மேல் கையை ஊன்றிச் சாய்ந்தாள். பின்னாலிருந்த பெண்கள் அவள் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று நினைத்துத் தாங்களும் குரலெடுத்தார்கள். யாரோ அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். அவள் எண்களைப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு வரி. போட்ட நேரமும் அளவும், எடுத்த நேரமும் அளவும். 6.00 – 43. 7.05 – 80. அடுத்த நாள் 6.10 – 41. 7.20 – 80. பள்ளிக்கூடப் பிள்ளையின் வீட்டுப்பாடம் மாதிரி நேராக இருந்தது. நேற்றைய கட்டத்தில் ஒரு வரிதான். 6.10 – 42.

அதற்குக் கீழே காலி.

அவள் கூப்பிடும்போது போன் அணைந்து கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. கோபம் இல்லை, சார்ஜ். அது கொஞ்சம் ஆறுதல்தான். உடனே இன்னொன்று வந்து குத்தியது. அந்த நேரத்தில் அவர் நாற்காலியில் உயிரோடுகூட இருந்திருக்கலாம். போன் அடித்திருந்தால் எடுத்திருப்பாரோ, நெஞ்சு வலிக்குது சுகி என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரோ. அதைக் காலண்டர் சொல்லவில்லை.

கண்ணை மேல் கட்டங்களுக்குக் கொண்டுபோனாள். பழைய நாட்களில் எங்காவது கோபம் எழுதியிருக்கிறதா என்று தேடுகிறவள் போல. சண்டை போட்ட ஞாயிறு, 6.30 – 40. வழக்கம் போலத்தான். அதற்கடுத்த ஞாயிறு, அவள் கூப்பிடாத ஞாயிறு, கட்டம் முழுக்க வெறுமையாக இருந்தது. மறுநாள் திங்கட்கிழமை, காலை 5.40. பக்கத்தில் 19.

முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை மறுபடி பார்த்தாள். மாதம் முழுவதிலும் நாற்பதுக்குக் கீழே இருந்தது அந்த ஒரு எண்தான்.

"அக்கா, போன ஞாயித்துக்கெழம நைனா ஊர்ல இல்லியா?"

"இங்கதான் இருந்தாரு. கோயிலுக்குப் போய்ட்டு வந்தவரு வெளிய எங்கியும் போவல. போனை மடியிலயே வச்சுக்கினு வாசல்ல ஒக்காந்திருந்தாரு. ராத்திரி நான்தான் கேட்டேன், இன்னாண்ணா இன்னிக்கு சார்ஜு போடலியான்னு. அணைச்சு வச்சா புள்ள கூப்புடும்போது கெடைக்காதும்மா, இன்னிக்கு ஒரு நாளு இறங்கினா இறங்கட்டும்னாரு."

சுகிர்தா கண்ணாடி மேல் தலையை வைத்தாள். இப்போதுதான் அவள் அழுதாள். பெண்கள் முன்பே அழுது ஓய்ந்திருந்ததால் அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

அதன் பிறகு அந்த போனை அவள் கீழே வைக்கவில்லை. உறவுக்காரர் எண்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. பொன்னேரிக்கும் சோழவரத்துக்கும் அவளே கூப்பிட்டுச் சொன்னாள். ஆரம்பாக்கத்திலிருந்து தெலுங்கு பேசும் பழைய கூட்டாளி ஒருவர் கூப்பிட்டு, ஆசீர்வாதம் என்று பெயரைச் சொல்லிவிட்டு மேலே பேச முடியாமல் வைத்துவிட்டார். தொண்ணூற்றொன்று. சித்தப்பா ஸ்டீவன் சவப்பெட்டி செய்யும் ஆளிடம் பேசுவதற்கு வாங்கினார். எழுபத்தெட்டு. போதகர் ஜெபம் பண்ணி, கல்லறையில் மண் போட்டுத் திரும்பும்போது ஐம்பத்துமூன்று. பழைய பேட்டரி, வேகமாகத்தான் இறங்கியது. ஆனாலும் நாள் முழுக்க நின்றது.

மாலையில் ஃப்ரீசர் பெட்டிக்காரர்கள் வந்து பெட்டியை எடுத்துப் போனார்கள். ஹால் பெரிதாகிவிட்டது. பிளக் பாயின்ட் காலியாக இருந்தது. அவள் திரையைப் பார்த்தாள். நாற்பத்தொன்று.

போனை அணைத்தாள். சார்ஜரைச் சொருகினாள். நூலில் தொங்கிய பென்சிலை எடுத்து இன்றைய கட்டத்தில் 6.05 – 41 என்று எழுதினாள். நேற்றைய கட்டத்தின் காலியிடத்தில் பென்சில் கொஞ்சம் நின்றது. நூறு என்று எழுத மனம் வரவில்லை. விட்டுவிட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ராபின் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தான். "காரை எடுத்துட்டேன். நம்ம பசங்க களைச்சுப் போயிருக்குதுங்க. கெளம்பலாமா?"

"நீ ஒக்காரு" என்றாள். "இன்னும் எண்பது ஆவல."