உருளுவதற்கு முன்

மாகறல் கோயிலில் ஈரப் புடவையோடு பிரியதர்ஷினி கொடிமரத்தின் முன்னால் நின்றாள். மகள் ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கினால் அவளை அங்கப்பிரதட்சணம் செய்ய வைப்பதாக அம்மா கிருஷ்ணவேணி வேண்டிக்கொண்டிருந்தாள்.

உடம்பு பெருத்துவிடும் என்ற பயத்தில் பல வருடம் பட்டினி கிடந்து, பிரியதர்ஷினியின் எலும்புகள் வலுவிழந்திருந்தன. மெதுவாக நடக்கலாம், முதுகை மட்டும் முறுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"டாக்டரம்மாவ கேட்டியாமா?" என்றாள் கிருஷ்ணவேணி.

"கேட்டேன்மா. உருளலாம்னாங்க."

அது பொய். காலையில் அம்மா வற்புறுத்தி ஊட்டிய இட்லி உள்ளே கனத்தது. பிரகாரம் முழுக்க உருண்டால் அது கரைந்துவிடும். சாமி பேரில் செய்தால் யாரும் தடுக்கவும் மாட்டார்கள்.

அவள் கருங்கல் தரையில் படுத்தாள். முதுகெலும்பு கல்லில் உறுத்தியது. ஒரே புரட்டில் அது ஒடிந்துவிடலாம். ஒடிவதைவிட, இட்லி வயிற்றிலேயே தங்கிவிடும் என்பதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. அப்படி ஒரு பயம் தனக்குள் இருப்பதைக் கண்டு அவள் புரளாமல் அப்படியே கிடந்தாள்.

"என்னாத்த யோசிச்சுக்கினு இருக்குற? உருளுமா."

"அம்மா, நான் டாக்டர கேக்கவேயில்ல. இது சாமிக்காகவும் இல்ல. தின்னத எரிக்கத்தான்."

கிருஷ்ணவேணி சட்டென்று குனிந்தாள். "அடிப்பாவி! சாமிகிட்டயே டிமிக்கியா?" என்றவள், மகளின் தோளைத் தாங்கி மெல்ல எழுப்பினாள். பிறகு தானே குளத்தில் முழுகி வந்து அதே இடத்தில் படுத்தாள்.

"வேண்டிக்கினவ நான். நானே உருள்றேன். நீ பக்கத்துலயே நட. முந்திக்கினு ஓடுன, தெரியும் சேதி!"

அம்மாவின் கனத்த உடம்பு மூச்சிரைத்தபடி புரண்டது. கால்கள் ஓடத் துடித்தாலும், அம்மாவுக்கு ஈடாகப் பிரியதர்ஷினி மெதுவாக நடந்தாள்.