ஜன்னலுக்கு நேரே ஒரு கேமரா

தி.நகரில் சுயம்புலிங்கத்துக்குத் துணிக்கடை. கடைக்குப் பின்தெருவில் வீடு. அந்தத் தெருவில் சித்திரை மாதம் புதுக் கம்பம் ஒன்றை நட்டு, உச்சியில் இரண்டு கேமராக்களை மாட்டினார்கள். ஒன்று தெருமுனையைப் பார்த்தது. மாட்டியவரின் அவசரமோ என்னவோ, இன்னொன்று முதல் மாடியில் அவர் மனைவி முத்துலட்சுமியின் படுக்கையறை ஜன்னலை நேராகப் பார்த்தது. அன்று சாத்திய ஜன்னலை அவள் திறக்கவே இல்லை. கத்திரி வெயிலில் அறை அடுப்பாகக் கொதித்தது.

கேமராவைத் திருப்பச் சொல்லி ஒரு ஆபீஸில் கேட்டால் அடுத்த ஆபீஸைக் கைகாட்டினார்கள். கடைசியில் மகள் ஷண்முகப்ரியாதான் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை ஸ்கூல் ஹால்ல ஏரியா சபை கூட்டம்மா, கார்ப்பரேஷன்காரங்க வருவாங்க. அங்க போய்க் கேளு."

தனியாகக் கேட்டால் எடுபடாது, நாலு பேர் வேண்டும் என்று முத்துலட்சுமிக்குத் தோன்றியது. சனிக்கிழமை காலை தெருக்காரர்களின் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதினாள்: 'நாளைக்கு ஸ்கூல் ஹாலில் தரமான சம்பவம் இருக்கு. எல்லாரும் வாங்க. வச்சு செய்றோம்.'

எல்லாம் மகளிடம் பிடித்த பேச்சு. போன வருஷம் தன் பிறந்தநாளுக்கு அம்மா செய்த பிரியாணியை மகள் "தரமான சம்பவம்மா" என்று பாராட்டியதிலிருந்து, நல்ல காரியத்துக்கெல்லாம் அந்தச் சொல்தான் என்று முத்துலட்சுமி எடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் கோதண்டபாணி ஒரு பெண் காவலரோடு படியேறி வந்தார்.

"முத்துலட்சுமிங்கறது யாரு?"

"நான்தான்."

அவர் கையிலிருந்த போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க பையன் யாராச்சும் உங்க போன்ல எழுதினானா?"

"எனக்குப் பையன் இல்லைங்க. ஒரே பொண்ணு."

"அப்போ நாளைக்கு இன்னா சம்பவம்? யாரை வச்சு செய்யப் போறீங்க?"

"கேமராவைத்தான்."

சுயம்புலிங்கம் சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"கேமராவை உடைக்கப் போறீங்களா?"

ஷண்முகப்ரியா குறுக்கே வந்தாள். "சார், வச்சு செய்றதுன்னா விடாம கேள்வி கேக்குறது. கலாய்க்கிறது. அவ்வளவுதான்."

கோதண்டபாணி உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "எங்களுக்கு சம்பவம்னா கொலைம்மா. யாரு இன்னா எழுதுறாங்கன்னு பாக்க ஒரு சாஃப்ட்வேர் வச்சிருக்காங்க. அதுக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்துருப்பாங்க போல. நேர்ல பாத்துட்டு வான்னு மேலேர்ந்து மெசேஜ்."

காபி குடித்தார். பதிவை எடுத்துவிடச் சொன்னார். போகும்போது அவளுடைய ஆதார் கார்டைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

"நாளைக்கு நீ போக வேண்டாம்," என்றார் சுயம்புலிங்கம். "கடைக்குப் போலீஸ் வந்தா பேரு என்ன ஆகும்?"

அவள் போனை எடுத்துப் பதிவை அழித்தாள். சப்-இன்ஸ்பெக்டர் மேல் கோபமில்லை, மரியாதையாகத்தான் பேசினார். ஒரு ஜன்னலைப் பற்றிக் கேட்கப் போனதற்கு, தன் வீட்டு ஹாலிலேயே தான் யாரென்று நிரூபிக்க வேண்டியதாயிற்றே என்பதுதான் நெஞ்சில் குத்தியது.

காலையில் புடவை மாற்றிக்கொண்டு படியிறங்கினாள். சுயம்புலிங்கம் அவளை ஏற்றிக்கொள்ள ஸ்கூட்டரை எடுத்தார்.

ஹாலில் இருபது பேர்கூட இல்லை. கோதண்டபாணி வாசலில் பந்தோபஸ்துக்கு நின்றார். மாநகராட்சி எஞ்சினியர் மைக்கில் விளக்கினார்: "கேமராவை யாரும் உக்காந்து பாக்குறதில்லை. பயப்படாதீங்க. கம்ப்யூட்டர்தான் பாக்கும். தப்புன்னு பட்டா மட்டும் சொல்லும்."

முத்துலட்சுமி எழுந்தாள். "சார், நான் எழுதின ரெண்டு வார்த்தை நேத்து அதுக்குத் தப்பாப் பட்டுச்சு. சாயங்காலமே வீட்டுக்குப் போலீஸ் வந்துட்டாங்க. என் ஜன்னல்ல அதுக்கு என்னென்ன தப்பாப் படுமோ, எனக்குத் தெரியலை."

சிலர் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். கோதண்டபாணி தரையைப் பார்த்தார். பின்வரிசையிலிருந்து எதிர்வீட்டு வஜீஹா எழுந்தாள். அதுவரை முத்துலட்சுமியோடு புன்னகைக்கு மேல் பழக்கமில்லாதவள். "எங்க மொட்டைமாடியும் அதுல தெரியுது சார். துணி காயப்போட முக்காடு போட்டுக்கினு போக வேண்டியிருக்கு."

எஞ்சினியர் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் லிஃப்ட் வண்டி வந்து கேமராவைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுப் போனது. அன்று மத்தியானம் முத்துலட்சுமி காற்றோட்டமாகத் தூங்கினாள்.

ஆனால் அதுவரை கேமரா எடுத்ததெல்லாம் எங்கே இருக்கிறது, எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று வஜீஹா கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. இருவருமாக மாநகராட்சி ஆபீஸில் மனு எழுதிக் கொடுத்தார்கள். பதில் இன்னும் வரவில்லை. அவ்வப்போது சேர்ந்து போய்க் கேட்கிறார்கள். வரும் வழியில் பாண்டி பஜாரில் ஆளுக்கொரு கரும்பு ஜூஸ் குடித்துவிட்டு வீடு திரும்புகிறார்கள்.