மென்னானா கொடுத்த மாத்திரைகள்

மென்னானாவுக்கு நான் இரண்டாயிரத்து நானூற்று ஐம்பது திர்ஹம் தரவேண்டியிருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம், ஸ்பெயினில் ஸ்ட்ராபெரி பறிக்கப் போவதற்காகப் பாஸ்போர்ட்டுக்கும் மருத்துவச் சான்றுக்கும் தாஞ்சியர் துறைமுகத்துக்குப் போய்வரும் வண்டிக்கூலிக்கும் வாங்கிய பணம். குளிர்காலத்தில் கப்பல். மூன்று மாதம் அங்கே குனிந்தால் இங்கே இரண்டு வருடம் நிமிர்ந்து நிற்கலாம் என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். வயிற்றில் பிள்ளை இருந்தால் மட்டும் ஆள் எடுக்கமாட்டார்கள்.

மென்னானா என் கணவருடைய அண்ணன் மனைவி. ஒரே முற்றம், இரண்டு அடுப்பு. அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எனக்கு அப்போது ஒரு எழுத்தும் தெரியாது. விடியுமுன் பண்ணை லாரி வந்து என்னை ஏற்றிக்கொண்டு போகும், திரும்பி வருவதற்குள் சுகாதார நிலையம் பூட்டியிருக்கும். அதனால் மாதாமாதம் அவளுடைய கருத்தடை மாத்திரை அட்டையோடு என்னுடையதையும் அவளே வாங்கி வைப்பாள். மூன்று வரிசை வெள்ளை, கடைசி வரிசை பழுப்பு. மூன்று பெண் பிள்ளைகள் போதும் என்று முடிவு செய்தபின் ஒரு நாள்கூட நான் தவறவிட்டதில்லை.

அந்த வருடம் ரமலான் வெயிலில் வந்தது. பாதி மாதம் போனபிறகு மென்னானா முழு அட்டையைத் தராமல், கத்தரியால் வெட்டித் துண்டு துண்டாகக் கொடுத்தாள். எல்லாம் பழுப்பு.

"என்னக்கா, வெள்ளையே காணோம்?"

"புது சரக்குடி. கலர மாத்திட்டாங்க. மாத்திரை மாத்திரைதான், முழுங்கு."

முழுங்கினேன். இரண்டு நாளில் எனக்குத் தூரம் வந்து நோன்பு விட்டுப்போனது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். வெளியே மென்னானாவின் குரல்.

"யாரது, கதவுக்குப் பின்னால? பூனையா, ரஹிமோவா?"

பெருநாள் காலையில் புது கஃப்தான் அங்கி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனாள். "முப்பதும் முழுசு! எனக்கு ஒரு நாள் பாக்கியில்ல!" நானும் அவள் தோளில் முத்தமிட்டு, "உங்களுக்குக் குடுத்து வச்சிருக்கு அக்கா" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

வெங்காயம் பிடுங்கும் காலத்தில் லாரியிலேயே வாந்தி எடுத்தேன். மேஸ்திரி என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். மறுநாள் கூலியை விட்டுவிட்டு சுகாதார நிலையத்துக்குப் போனேன். நர்சம்மா சோதித்துப் பார்த்து, வயிற்றில் பிள்ளை என்று சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது.

"நீங்க குடுக்குற மாத்திரை பொய்யா?"

"கத்தாதம்மா. ஒழுங்கா சாப்பிட்டா, நூறு பேர்ல வருசத்துக்கு ஒருத்திக்குக்கூட கரு நிக்காது. மறந்து மறந்து சாப்பிட்டா ஏழெட்டு பேருக்கு நின்னுடும். நீ எத்தனை நாள் மறந்த?"

"நான் மறக்கவே இல்ல."

அவள் மேசையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள். "எதை முழுங்குன, காட்டு."

ரமலானில் தின்றதைக் காட்டினேன். வெட்டிக் கொடுத்தது, இரண்டு வரிசையளவு இருக்கும் என்றேன்.

"இது வெறும் இரும்புச்சத்தும்மா. இதுல தடுக்குறது ஒண்ணுமில்ல. கை வழக்கம் விட்டுப்போகாம இருக்கறதுக்கு வச்சிருக்காங்க. ஒரு வரிசையோட நிறுத்தி அடுத்த வெள்ளைய தொடங்கணும். நீ ரெண்டு வரிசை காவலில்லாம இருந்திருக்க. உன் வெள்ளை எங்க போச்சு?"

எங்கே போனது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வெள்ளையை நிறுத்தாமல் தின்றால் தூரம் தள்ளிப்போகும், நோன்பு முப்பதும் முழுதாகும். ஊரில் இதைச் செய்யாத பெண் குறைவு. நர்சம்மாவும் அதையே சொன்னாள்: "அதுல தப்பில்ல. என்கிட்ட கேட்டிருந்தா அவளுக்குத் தனியா குடுத்திருப்பேனே."

மென்னானா முற்றத்தில் கோதுமை புடைத்துக்கொண்டிருந்தாள். நான் நின்ற நிலையிலேயே கேட்டேன். முறம் நின்றது.

"ரெண்டு வாரம்தானேடி. சுகாதார நிலையத்துக்குப் போனா நர்சம்மா இல்ல; இருந்தவங்க அட்டை தீந்துடுச்சு, அடுத்த மாசம் வான்னுட்டாங்க. நோன்பு மாசத்துல உன் வீட்டுக்காரர் ராத்திரி ஹரீரா கஞ்சி குடிச்சிட்டுக் குறட்டை விடுவாருன்னு நெனச்சேன்."

"பழுப்புல ஒண்ணுமில்லன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவள் முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"படிச்சவங்கதானே. தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்" என்றாள். பிறகு அவசரமாக, "நாலாவதாவது பையனா இருக்கும், பாரு. அந்தப் பணத்த விட்டுடு. தள்ளிட்டேன். நீ எனக்கு ஒண்ணும் தரவேணாம்" என்றாள்.

என்னிடம் கேட்டிருந்தால் அந்த மாதம் நான் என் கணவர் அப்சலாமைத் தள்ளிப் படுக்கச் சொல்லியிருப்பேன். வெள்ளையையும் நானே எடுத்துக் கொடுத்திருப்பேன். அவள் என்னிடம் கேட்கவே இல்லை. கலர் மாறிவிட்டது என்றாள். கதவுக்குப் பின்னால் நான் ரொட்டி தின்றது ஏன் என்று தெரிந்துகொண்டே பூனை என்று சிரித்தாள். இவையெல்லாம் எனக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின.

கப்பல் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டார்கள். அப்சலாம் சொன்னார், "கடனத் தள்ளுறேங்குறவள தள்ள விடேன். ரெண்டாயிரம் என்ன லேசா?"

"லேசில்ல. அதுக்காக அவங்க செஞ்சத முடிஞ்சுபோனதா ஆக்கமாட்டேன்."

முற்றத்தில் நின்ற கன்றுக்குட்டி என்னுடையது, என் அம்மா வீட்டுப் பசு ஈன்றது. அடுத்த சந்தையில் விற்றேன். வயிறு தெரிந்ததால், பணத்துக்கு அவசரக்காரி என்று தரகன் விலையைக் குறைத்தான், குறைத்தாலும் கடனுக்குப் போதுமாக இருந்தது.

மென்னானாவின் அடுப்பங்கரைக்குப் போய்ப் பணத்தை மாவுத்தட்டின் பக்கத்தில் வைத்தேன்.

"நான் கேட்டேனா ரஹிமோ?"

"இல்ல. எண்ணுங்க."

"எதுக்குடி இப்படி? ஒரே வீட்டுல இருக்கோம்."

"எண்ணுங்க அக்கா."

கையில் மாவோடு எண்ணினாள். இடையில் இரண்டு தடவை கணக்குத் தப்பி மறுபடி தொடங்கினாள். நான் உட்காரவில்லை. கடைசி நோட்டை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "சரியா இருக்கு" என்றாள்.