யார் கொடுத்த கிருமி

என் கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. அவர் ஓட்டிய பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள்மீது எனக்கிருந்த பொறாமை மட்டும் இன்னும் சாகவில்லை.

குழந்தைக்காக நாங்கள் செய்த முதல் முயற்சியில், ஆய்வகத் தட்டில் வைத்த கருக்கள் எதுவும் வளரவில்லை. டாக்டரம்மா என்னை மட்டும் கூப்பிட்டு, "உங்க வீட்டுக்காரர் விந்துல கிருமி இருக்கு. கரு நின்னுபோனதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாது. மாத்திரை முடிச்சு, திரும்ப டெஸ்ட் பண்ணிட்டு, அடுத்ததைப் பார்க்கலாம்" என்றார்.

கிருமி என்றதும் வேறெதுவும் காதில் ஏறவில்லை. யாரிடம் வாங்கினார்? நாள் முழுக்க அவர் முதுகுக்குப் பின்னால் விசிலடிப்பவள் ஒருத்திதானே! இவரோடு மறுபடி அந்த மருத்துவமனைப் படி ஏறுவதா என்பதை அவளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றிருந்தேன்.

மறுநாள் டிப்போ வாசலில் நின்றேன். தோல்பையை மாட்டிக்கொண்டு வந்தாள். என்னைவிட இளையவள். கன்னத்தில் குழி வேறு.

"அண்ணி, நீங்களா! அண்ணனுக்கு எரிச்சல் தேவலையா?"

"என்ன எரிச்சல்?"

"ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னாரே. கடைசி ஸ்டாப் வரைக்கும் அடக்கிக்கிட்டே ஓட்டுறார். இறங்கணுமேன்னு தண்ணியும் குடிக்கறதில்ல. ரேடியேட்டருக்கு ஊத்துறதுல பாதியாவது நீங்க குடிங்கண்ணேன்னு கத்தாத நாளில்ல."

டாக்டரம்மாவிடம் ஓடினேன். அது குடலில் இருக்கும் சாதாரணக் கிருமிதான், அடக்கி வைப்பதால்கூட வந்திருக்கலாம் என்றார். சந்தேகம் போனது. வயிற்றெரிச்சல் கூடியது. அவள் கள்ளக்காதலியாக இருந்திருந்தால் முடியைப் பிடித்து உலுக்கியிருப்பேன். எனக்குத் தெரியாத என் புருஷன் வலியைத் தெரிந்து வைத்திருப்பவளை என்ன செய்வது?

"அவகிட்ட சொல்லத் தெரிஞ்சது, எங்கிட்ட சொல்லத் தெரியலையா?" என்று அன்றிரவு அவரிடம் கேட்டேன்.

"ஏன் முகம் இப்படி இருக்குன்னு அவ கேட்டா, சொன்னேன். நீ அடுத்த ஊசி எப்போன்னுதானே கேப்பே?" பிறகு சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, "எல்லாம் என்னாலதான்னு ஆயிடுமோன்னும் பயம்" என்றார்.

வேளை தவறாமல் மாத்திரையை நானே கையில் கொடுத்தேன். மறு பரிசோதனையில் கிருமி இல்லை. அடுத்த முறை கரு தங்கியது. டிப்போவுக்கு ஃபோன் செய்தேன். அவள்தான் எடுத்தாள்.

"அண்ணன் வண்டியைத் திருப்பிட்டிருக்கார், அண்ணி. நல்ல சேதியா? எங்கிட்ட சொல்லுங்க, சொல்லிடுறேன்."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவரைக் கூப்பிடு," என்றேன். "எவ்வளவு நேரமானாலும் லைன்லயே இருக்கேன்."