கரண்ட் இல்லாத வீட்டில் ஷாக்

அண்ணன் எங்கள் மின்சார லைனை அறுத்தான். அப்பா விட்டுப்போன வீட்டில் மேல்தளத்தில் அவனும் அண்ணியும், கீழ்தளத்தில் நானும் அம்மாவும். மீட்டர் அவன் பெயரில். வீட்டை மொத்தமாக விற்க என் கையெழுத்து வேண்டும் என்றான், முடியாது என்றேன். மறுநாள் வேலையிலிருந்து வந்தால் வீடு இருட்டு.

மேலே ஏறிப் போய்க் கேட்டேன். காலை நீட்டி டிவி பார்த்துக்கொண்டே சொன்னான்: "கரண்ட் வேணும்னா நீயே செஞ்சுக்கோ. யாரு வேணாம்னா?"

"செய்யறேன், பாத்துக்கிட்டே இரு" என்று இறங்கி வந்தேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. அவளுக்கு மகன் என்றால் உயிர். கீழ்தள லைனில் மட்டும் ஏதோ கோளாறாம், கரண்ட் ஆபீசிலிருந்து ஆள் வருவார்களாம் என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். தினமும் கேட்பாள், தினமும் அதே பொய். இருட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தத் தடியனுக்காக நான் பொய் சொல்ல வேண்டியிருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

நான் பாலிதீன் பை செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பவள். அங்கே பிளாஸ்டிக் சுருள் ஓடும்போது பக்கத்தில் நின்றால் கைமுடி எழுந்து நிற்கும். மறந்துபோய் இரும்பைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும். வருஷக்கணக்காக அடி வாங்குகிறோமே, அதைப் பிடித்து வேலை வாங்கினால் என்ன?

வீட்டில் ஓரமாகக் கிடந்த தையல் மெஷினின் பெடலோடு ஒரு பிளாஸ்டிக் குழாயை பெல்ட் போட்டு இணைத்தேன். மிதித்தால் குழாய் சுற்றும், நைலான் துணி அதில் உரசும். சீப்புப் பல்லாக வெட்டிய தகரம் ஒன்று அந்த மின்சாரத்தை வாங்கி டப்பாவுக்கு அனுப்பும். உள்ளேயும் வெளியேயும் அலுமினியத் தாள் ஒட்டிய பிளாஸ்டிக் டப்பா. அதில்தான் சேமிப்பு.

உள்ளறையில் படுத்தபடி அம்மா கேட்டாள்: "இருட்டுல என்னடி தைக்கற?"

"அண்ணனுக்கு ஒரு சட்டைம்மா."

"அளவு எடுத்தியா?"

"நல்லாவே எடுத்திருக்கேன்."

முழங்கால் கழன்றதுதான் மிச்சம், ஒன்றும் வரவில்லை. பார்த்தால், அறைக்குள்ளேயே ஈரத்துணி காயப் போட்டிருக்கிறேன். ஈரம் இருந்தால் இந்தச் சனியன் தங்காது. துணியை அள்ளி வெளியே போட்டுவிட்டு மிதித்தேன். டப்! நீலமாக ஒரு பொறி பறந்தது. பொம்மையிலிருந்து பிடுங்கி வைத்த குட்டி பல்பு ஒரு தடவை கண் சிமிட்டியது. குதித்தேன்! குதித்து முடிப்பதற்குள் அணைந்துவிட்டது. மறுபடி மிதி, மறுபடி ஒரு சிமிட்டல். எத்தனை நாள் மிதித்தும் நின்று எரிய மாட்டேன் என்றது. அடிக்க மட்டும் தெரியும், உழைக்கத் தெரியாது. அட, எங்கள் அண்ணனேதான்!

சரி, வெளிச்சம் தராவிட்டால் போகிறது. அடிக்கவாவது அடிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க ஆள் வருவதாக அண்ணி படியில் நின்று போனில் பீற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் வாசல் கதவு மரம், கைப்பிடி பித்தளை. அதன் திருகாணி உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். டப்பாவிலிருந்து ஒரு கம்பியை இழுத்து அதில் சுற்றினேன். முதலில் என் விரலில்தான் சோதித்தேன். ஆளைச் சாய்க்காது, ஆனால் முழங்கை வரை சுரீரென்று ஏறும். அது போதும்.

வந்தார்கள். கதவுக்கு வெளியே அண்ணன் குரல் தேனாக ஒழுகியது. "கீழ தங்கச்சி இருக்கா சார். கையெழுத்துப் போடறேன்னு சந்தோஷமா சொல்லிட்டா. நீங்க திறங்க."

புளுகன்! மிதித்தேன்.

டப்! "ஐயோ!" என்று அலறினார் வந்தவர். "என்னங்க இது, ஷாக் அடிக்குது! வயரிங் லீக் ஆகிற வீட்டையா என் தலையில கட்டப் பாக்கறீங்க?"

"சேச்சே, வயரிங் பக்கா சார்."

"அப்ப நான் சும்மா கத்தினேனா?"

வியாபாரம் கெட்டுவிடும் என்ற பதற்றத்தில் அண்ணன் உண்மையைக் கக்கினான். அதுவும் தெருவுக்கே கேட்கிற மாதிரி. "கீழ கரண்டே கிடையாது சார்! நானே என் கையால லைனை அறுத்து மூணு வாரமாச்சு. கரண்ட் இல்லாத வீட்ல எப்படி ஷாக் அடிக்கும்? இதோ, நான் தொடறேன் பாருங்க."

அவன் பேசப் பேச நான் மிதித்துக்கொண்டே இருந்தேன்.

டப்! "அம்மா!"

வலித்தால் யாரும் கத்துகிற கத்தல்தான். ஆனால் உள்ளறையிலிருந்து பதில் வந்தது: "என்னடா கண்ணா? இதோ வந்துட்டேன்டா!"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவசரமாகக் கம்பியைப் பிடுங்கினேன். அம்மா சுவரைத் தடவிக்கொண்டு என்னைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்தாள். வெளியே அண்ணன் கையை உதறிக்கொண்டு நின்றான். அவள் அந்தக் கையைப் பிடித்து, சின்னப் பிள்ளைக்கு ஊதுவது போல விரலில் ஊதினாள்.

வந்தவர் அம்மாவைப் பார்த்தார், பின்னாலிருந்த இருட்டைப் பார்த்தார். "பெத்தவளை இருட்டுல போட்டவன்கிட்ட எனக்கென்னய்யா பேச்சு?" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அப்படி இனித்தது.

அம்மா இன்னொரு தடவை ஊதினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "லைனை அறுத்தது நீயாடா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். ஏதாவது சொல்லேன் என்று கண்ணாலேயே கெஞ்சினான். இத்தனை நாளும் அவனுக்காகப் பொய் சொன்னவள்தானே நான், இப்போதும் நாக்கு நுனியில் ஒன்று தயாராகவே இருந்தது. விழுங்கிவிட்டேன்.

"சொல்லுடா கண்ணா" என்றாள் அம்மா, பிடித்த கையை விடாமல்.