பதினோராயிரம் ரூபாய் முட்டை

காணிக்கையாக வந்த பொருளுக்கு விலையே கிடையாது என்று குருவானவர் பிரசங்கம் முடித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கோவில் வாசலில் ஒரு நாட்டுக்கோழி முட்டை நாலாயிரம் ரூபாயில் நின்றது. காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும் ஸ்தோத்திரப் பண்டிகையில் இது சாதாரணம். யாரும் முட்டைக்காகக் கேட்பதில்லை. எதிரே நின்று கேட்பவனை முந்துவதற்காகக் கேட்பார்கள்.

எதிரே நின்றவர் ஜெபஸ்டின், பொறியியல் கல்லூரிப் பேராசிரியர். இந்தப் பக்கம் அப்பாத்துரை, பேட்டையில் வால்வு செய்யும் சின்னப் பட்டறையின் முதலாளி. ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அப்பாத்துரைக்கு எப்போதும் ஜெபஸ்டினைவிட ஒரு மார்க் குறையும். அந்த ஒரு மார்க் இன்னும் அவன் வயிற்றில் இருந்தது.

போன மாதம் அந்தக் கல்லூரியும் சென்னைக் கம்பெனி ஒன்றும் சேர்ந்து, புதுவகைச் சிறிய அணுஉலைக்கான சோதனைக்கூடம் தொடங்கின. பத்திரிகையில் ஜெபஸ்டின் படம். அப்பாத்துரை அந்தப் பக்கத்தை விரித்து அதன்மேல் வடை வைத்துத் தின்றான். எண்ணெய் சரியாக முகத்தில் இறங்கும்படி பார்த்துக்கொண்டான். உலைக்கு வால்வு செய்ய உள்ளூர்ப் பட்டறை ஒன்றைத் தேடுகிறார்கள். அவனும் கேட்டிருந்தான். கிடைத்தால் பட்டறைக்குப் பத்து வருஷம் கவலையில்லை. ஆனால் ஜெபஸ்டின் தயவில் கிடைத்தது என்று ஊர் சொல்லும். கிடைக்காமல் போவதைவிட அதுதான் அதிகமாக உறுத்தியது.

பட்டறையைத் தேர்ந்தெடுக்க வந்திருந்த கம்பெனித் தர அதிகாரி ரீபா, ஜெபஸ்டின் வீட்டு விருந்தாளியாக வேப்பமரத்தடி நாற்காலியில் இருந்தார். ஜெபஸ்டின் குனிந்து என்னவோ சொல்ல, அவர் சிரித்தார்.

“அஞ்சாயிரம்” என்றான் அப்பாத்துரை.

“பட்டறைக்காரரு முட்டைக்கு இரும்பு வெல சொல்லுதாரு வே” என்றது கூட்டம். ஏலம் விடும் எஸ்றா முட்டையை உயர்த்திக் காட்டினார். “சார்வாள் என்ன சொல்லுதீய?”

ஆறு, எட்டு, பத்தாயிரம். பத்தைக் கேட்டது ஜெபஸ்டின். கேட்டுவிட்டு, இடுப்புக்குக் கீழே யாருக்கும் தெரியாமல் கையை ஆட்டினார்: போதும், விட்டுவிடு. அப்பாத்துரைக்கு அது இரக்கமாகப் பட்டது. காசுள்ளவன் காசில்லாதவனிடம் காட்டும் இரக்கம்.

“பதினொண்ணு.”

கைதட்டல். முட்டை அவன் உள்ளங்கைக்கு வந்தது. ஜெபஸ்டின் பைய நகர்ந்து பக்கத்தில் வந்தார்.

“ஏலே, கையக் காட்டினேன்லா. பாக்கலயா?”

“பாத்தேன்.”

“அந்தம்மா நேத்து உன்னப் பத்தி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாவ. வேலையில ஒரு சின்ன சந்தேகம் வந்தா, கௌரவம் பாக்காம அங்கனயே நிறுத்துவாரான்னு. நிறுத்துவான், அவன எனக்குத் தெரியும்னேன்.”

“நீ மட்டும் பத்தாயிரம் வரைக்கும் வந்தியேலே?”

“நான் வால்வு செய்யலயே.”

வேப்பமரத்தடியில் நாற்காலி காலியாக இருந்தது. ரீபா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

எடுத்த பொருளை மறுபடி ஏலத்துக்கே கொடுப்பதும் அந்தக் கோவில் வழக்கம். எஸ்றா கையை நீட்டினார். “அண்ணாச்சி, திருப்பித் தாரியளா, வச்சுக்கிடுதியளா?”

கொடுத்தால் ஜெபஸ்டின் எடுத்துவிடுவான். அப்பாத்துரையின் விரல்கள் தாமாகவே மூடின. ஓடு மெல்ல நெரிந்தது. வரவு, முட்டை ஒன்று. பற்று, பதினோராயிரம். பாக்கி, வேப்பமரத்தடியிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தது.