கிளுவை வேலியில் ஓர் ஆண் பூச்சி

…நேற்றே வந்திருந்தால், காந்திபுரத்தில் பஸ் கூட்டம் என்று விடுதிக்குத் திரும்பாமல் தொங்கிக்கொண்டாவது துடியலூர் வந்திருந்தால், ஒரு நாள், வெறும் ஒரு நாள்... பாலுசாமி தோட்டத்துக் கிளுவை வேலி முழுக்க மருந்து நெடி, மூக்கு எரிகிறது. "ஏனுங்க அம்மணி, வேலியில பூச்சி இருக்குதுன்னு சொன்னீங்கல்ல, முள்ளுல கையைக் கிழிச்சுக்கறீங்களேன்னு நேத்தே மருந்தடிச்சுப்போட்டேனுங்க" என்கிறார், முகமெல்லாம் பெருமை. விவசாயக் கல்லூரியிலிருந்து வருபவள் பூச்சியைக் கொல்லத்தானே வருவாள், அவர் மேல் என்ன தப்பு? நான் தெளிவாகச் சொன்னேனா? சொல்லவில்லை... அம்மா இதே மாதிரி வேலிகளைக் கூலிக்கு வெட்டியவள், தோட்டத்துக்காரர் முன்னால் இன்றும் என் குரல் பாதியாகிவிடுகிறது, அந்தப் பூச்சி உயிரோடு இருக்க வேண்டும் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

அரிசியில் பாதிகூட இல்லாத பச்சைப் பூச்சி, மழைக்குத் துளிர்த்த கிளுவையின் சாற்றைத் தவிர வேறெதுவும் குடிக்காது, தொண்ணூற்று மூன்றாம் வருஷத்திலிருந்து, இங்கே தொடங்கிக் கொடுமுடி வரைக்கும் எத்தனை வேலிகளைத் தட்டிப் பார்த்தேன், பாதியைப் பிடுங்கிவிட்டுக் கம்பி போட்டுவிட்டார்கள், மீதியில் ஒன்றுகூட இல்லை, இங்கே மட்டும்தான், அதுவும் கிடைத்ததெல்லாம் பெண். ஆணின் வயிற்று நுனியைப் பார்த்துத்தான் இனம் பிரிக்க முடியும், ஆண் இல்லாமல் புது இனம் என்று பெயர் வைக்க முடியாதம்மா என்று பேராசிரியர் கையை விரித்துவிட்டார்... வெள்ளைத் துணியை விரித்து ஒரு கிளையைத் தட்டுகிறேன், எதற்குத் தட்டுகிறேன், பழக்கம்தான்... பூச்சிகள் பொலபொலவென்று உதிர்கின்றன, ஒன்றும் அசையவில்லை. லென்ஸை வைத்து ஒவ்வொன்றாகப் புரட்டுகிறேன், பெண், பெண், குஞ்சு, பெண்... இது? வயிற்றின் நுனி ஒரு பக்கமாகக் கோணி... இன்னொரு தடவை பார்க்கிறேன். ஆண். ஆண்தான்! வாய்விட்டுச் சிரித்தேவிட்டேன்.

"பிரயோசனமாச்சுங்களா அம்மணி?" பாலுசாமி எட்டிப் பார்க்கிறார். "ஆச்சுங்க அய்யா" என்கிறேன், மரியாதைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே ஆகிவிட்டது, பெயர் வைக்கலாம், பட்டம் வாங்கலாம், எந்த வேலியிலும் இனி இது இல்லை என்றாலும்... அது தெரிந்தும் இந்தச் சந்தோஷம் ஏன் அடங்கமாட்டேன் என்கிறது?